வெல்லம் கரைக்க யாருடைய கை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சென்னையில் தமிழிலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு ஊத்துக்கோட்டையில் இருந்தது. விடுமுறை முடிந்தால் பேருந்தில் திருவள்ளூர் வந்து, அங்கிருந்து ரயிலேறி விடுதிக்குத் திரும்புவேன். பயணங்களில் நான் எவருடனும் பேசுவதில்லை. பிறர் அதைக் கூச்சம் என்பார்கள். தொடங்கிய வாக்கியத்தைச் சரியாக முடிக்க இயலாமல் போய்விடுமோ என்ற தயக்கம்தான் அது.

கார்த்திகை மாதத்து அமாவாசையன்று அந்தப் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. ஆற்றுத் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் ஓரக் கற்கள் தலைகாட்டினால்தான் வண்டியை எடுப்பதாக ஓட்டுநர் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

என் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புடவையில் தவிட்டு வாசனை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்த சிலுவை. மடியிலிருந்த துணிப்பையை அவள் அடிக்கடி திறந்து, உள்ளே இருந்த வெல்லத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் கருவாட்டுக் கூடையோடு இருந்த பழவேற்காட்டு அம்மாள் அதைக் கவனித்துவிட்டு, குளத்துக்கா என்று கேட்டாள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

திருவள்ளூர்க் கோயில் குளத்தில், நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் அமாவாசையன்று வெல்லம் போடுவார்கள். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்பது நம்பிக்கை. சிலுவை அணிந்தவளுக்கு அந்தக் குளத்தில் என்ன வேலை என்று அந்த அம்மாள் கேட்க, அவள் மெதுவாகச் சொன்னாள். அவள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிப்பவள். உடன் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்குக் கால் முழுவதும் ஆறாத புண். மூன்று அமாவாசை தொடர்ந்து வெல்லம் கரைப்பதாகத் தாய் வேண்டிக்கொண்டு இரண்டை முடித்துவிட்டாள். மூன்றாவதற்குள் அடுத்த பிரசவம் வந்துவிட்டது. தீட்டு; கோயிலுக்கு வரக்கூடாது. கணவன் லாரியோடு வெளியூரில். மாமியாரால் நடக்க முடியாது. இன்று தவறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புண்பட்ட குழந்தையோ இரவெல்லாம் அழுகிறது. தோழி பையைக் கொடுத்து அனுப்பிவிட்டாள். ஆனால் வாசலில் வைத்து மாமியார் ஒன்று சொல்லிவிட்டாள்: வேற்று மதத்துக்காரியின் கை பட்டால் அது செல்லாது.

“அதான் பேஜாராக் கீது,” என்றாள். “எனக்கு ஒண்ணும் ஆவாது. நான் போட்டு, அந்தப் புள்ள காலு ஆறாமப் போச்சுன்னா?”

நடத்துநர் இதைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் வாங்கிய டிக்கெட்டில் இன்னொருவர் போனால் தனக்கு ஆட்சேபணை இல்லை, தனக்குத் தலைக்கணக்குதான் முக்கியம் என்றார். குடையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் அதை ஒப்பவில்லை. அவர் கோர்ட்டு குமாஸ்தா. வக்காலத்துக் கொடுத்தால் ஒருவருக்காக இன்னொருவர் நிற்கலாம் என்பது சரி. ஆனால் நிற்பவர் அந்தக் கோர்ட்டில் பதிவு செய்த வக்கீலாக இருக்கவேண்டும் அல்லவா? இந்த அம்மாள் பதிவு செய்தது வேறு கோர்ட்டில், என்றார்.

கருவாட்டுக்கார அம்மாள் கூடையைக் காலால் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தாள். “நாங்க வலை எடுக்க சொல்ல கடலம்மாவக் கும்புடுவோம். என் ஊட்டுக்காரன் படுத்துக்கினா என் கொழுந்தன் கும்புடுவான். யாரு கும்புட்டதுன்னு மீனு இன்னா கேட்டுக்கினா வருது, நைனா?”

கொழுந்தன் அதே வீட்டுக்காரன், அதனால் செல்லும் என்றார் குமாஸ்தா. அப்படியென்றால் ஒரே ஆலையில் ஒரே அடுப்பில் நெல் அவிப்பவர்கள் எந்த வீடு என்று அவள் திருப்பிக் கேட்டாள். வேண்டுதல் என்பது மனமா, கையா, சொல்லா என்று பேச்சு வளர்ந்தது. வகுப்பறையில் நாங்கள் இவ்வளவு ஒழுங்காக வாதாடியதில்லை.

குமாஸ்தா திடீரென்று குடையால் என்னைச் சுட்டினார். “எதுக்கு வம்பு? இந்தப் பொண்ணு கையால போடச் சொல்லு. தீந்துது.”

அவள் முகம் மலர்ந்து பையை என் பக்கம் நீட்டினாள். “போடுறியா கண்ணு? உனக்குப் புண்ணியமாப் போவும்.”

வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் என் தந்தை பகுத்தறிவாளர். எங்கள் வீட்டில் பூசையறையே கிடையாது. அதை மறைத்துக்கொண்டு அந்தப் பையைத் தொடுவது முறையல்ல என்று தோன்றியது.

“எங்க வீட்டுல சாமி கும்பிடறதில்லைக்கா. எனக்கும் நம்பிக்கை இல்லை,” என்றேன்.



“போச்சு,” என்றார் நடத்துநர். “கெடச்ச ஒரு வக்கீலும் கோர்ட்டே இல்லைன்னுட்டாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு கதவைச் சாத்திவிட்டேன் என்றே எண்ணியிருந்தேன். அவளோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பொண்ணு யாரையும் கேக்காது,” என்றாள் கடைசியில், யாரையும் பார்க்காமல். “நான் எங்க சாமியவாச்சும் கேக்கறேன். அந்தப் புள்ள காலுக்கோசரம் தெனமும் கேட்டுக்கினுதான் கீறேன். அப்போ நான் போடறதுதான் சரி.”

குமாஸ்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கருவாட்டுக்கார அம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் குடையின் பிடியைத் துடைக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் ஓரக் கற்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட, வண்டி நகர்ந்தது.

திருவள்ளூரில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ரயிலுக்கு நேரமிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரைந்ததை யார் பார்த்தார்கள் என்று தோழியின் மாமியார்க் கிழவி கேட்பாளாம்.

“நீ நம்பவாணாம் கண்ணு. கண்ணால பாத்தாப் போதும்.”

நான் அவளோடு குளத்துக்கு நடந்தேன்.

குளக்கரையில் கூட்டம் குறைந்திருந்தது. அவள் படியிறங்கி, பழக்க வேகத்தில் நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த ஒரு பெண் தன் புடவையை ஒதுக்கி, அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து நின்றாள். அவ்வளவுதான். அவள் தண்ணீருக்குள் இருந்த படியில் வெல்லத்தை வைத்தாள். உதடுகள் அசைந்தன.

வெல்லம் கெட்டியானது, எளிதில் கரைவதாயில்லை. சிறுமீன்கள் வந்து அதை முட்டின. பழுப்பு நிறம் புகைபோலப் பிரிந்து போய்க்கொண்டே இருந்தது.

“கரைஞ்சிடுச்சின்னு சொல்லிடு கண்ணு. பஸ்ஸு போயிடும்.”

“இன்னும் இல்லைக்கா.”

தூரத்தில் ரயில் கூவியது, என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும். அடுத்த வண்டி உண்டு என்று நினைத்துக்கொண்டேன். நான் நம்பாத ஒன்றைக் குறித்து உண்மை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்திருந்தது. அதில் அவசரப்பட மனமில்லை. குழந்தையின் கால் பின்னால் ஆறியதா என்பதை நான் அறியேன். ஆறவேண்டும் என்று அந்தப் படியில் நின்று விரும்பினேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

கடைசித் துண்டு புளியங்கொட்டை அளவானது; பிறகு படியின் கல் மட்டும் தெரிந்தது.

“இப்போ கரைஞ்சிடுச்சுக்கா.”

அவள் குனிந்து தானும் பார்த்துக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி முதல்முறையாகச் சிரித்தாள்.

“கெழவிகிட்ட இப்டியே சொல்றேன். சாமியே இல்லைன்ற பொண்ணு நின்னு பாத்துட்டு சொல்லிச்சின்னு. அதுக்கு மேல அது இன்னா பேசும்?”