துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே

சந்தாபுராவில் எங்கள் குடியிருப்பில் தண்ணீருக்குப் போர்வெல் போடுகிறார்கள். ஈரமண் வாசனை எழுந்ததுமே நான் வளர்ந்த மர்பி டவுன் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தெருமுனை நூலகம் ஒற்றை அறைதான். அதைப் பார்த்துக்கொண்ட விமலா மேடம் ஒருநாள் எங்கள் பகுதியின் பழைய ராணுவக் கண்டோன்மென்ட் பற்றிய மெல்லிய புத்தகமொன்றை நீட்டினார்.

"இத எடுத்துட்டுப் போம்மா. உங்க தெரு போட்டோகூட இருக்கு."

போட்டோவில் ஒரு கிணறு இருந்தது. அதை ஒட்டி நின்ற இரட்டை வேப்பமரம் எங்கள் வாசல் மரமேதான். ஓடினேன். மரத்தடிக் கல்லில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ கெணத்து மேல நிக்கிற!"

"ஏய், ஒளறாத."

படத்தைக் காட்டினேன். அம்மா மரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கல்லின் ஓரத்து இடுக்கைக் குச்சியால் சுரண்டி, ஒரு கூழாங்கல்லை உள்ளே போட்டாள். இருவரும் குனிந்து காதை வைத்தோம். ஆழத்தில் 'தொபுக்' என்றது.

"அய்யய்யோ! கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இது மேலயா தொவைக்கிறேன்!"

அதுவரை நூலகத்துக்குள் நுழைந்தே இராத அம்மா மறுநாள் என்னோடு வந்தாள்.

"மேடம், எங்க தெருவப் பத்தி வேற புக்கு இருந்தா குடுங்க. இந்தத் தடவ நான்தான் மொதல்ல படிப்பேன்."