சூலூர் வரை மிதித்த கதை

கணபதியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில்தான் அந்த மெக்கானிக்கைச் சந்தித்தேன். கையெல்லாம் கரி, சட்டை மட்டும் வெள்ளை வெளேர். இன்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

என் கார் மேடு ஏறத் திணறியது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய பிறகு, "உள்ள இன்னும் கரி இருக்குதுங்க. சூலூர் வரைக்கும் நல்லா மிதிச்சு ஓட்டுனாப் போயிருமுங்க" என்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கூட வந்திருந்த என் மனைவி பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

திருச்சி ரோட்டில் அவர், "மிதிங்க, மிதிங்க" என்றார். மனைவி வழக்கம்போல, "மெதுவாப் போங்க" என்றாள்.

அவர் திரும்பி மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அம்மணி, இத்தன வருசமா நீங்க சொன்ன மெதுவாதானுங்க உள்ள கரியாப் படிஞ்சிருக்குது."

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் எண்பதைத் தொட்டேன். பின்னால் கரும்புகை குபுகுபுவென்று கிளம்பி அடங்கியது. கார் திணறாமல் ஓடியது.

சூலூரில் அவர் இறங்கிக்கொண்டு, "நான் பஸ்ஸுல வாரேனுங்க" என்றார்.

"ஏனுங்க, வண்டிதான் சரியாயிருச்சே?"

"வண்டி சரியாயிருச்சுங்க. நீங்க ஓட்டறதுதான் பயமா இருக்குதுங்க."

மனைவியின் சிரிப்பு ஊர் திரும்பும்வரை நிற்கவில்லை. அந்த மனிதர் யார் கட்சி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.