யோகம்மா சொன்ன பேர்

சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் யோகம்மாவின் புருசனுக்கு மட்டும் பீலிக்ஸ் என்று பேர். அம்மன் கோயிலில் தீ மிதிக்கிற குடும்பம்தான். அவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்காததால், எமனுக்கு விளங்காத பேராக ஒன்று வையுங்கோ என்று மாமியார் சிலுவை போட்ட வேதக்கார மருத்துவிச்சியைக் கேட்டாளாம். லத்தீனில் அதற்குப் பாக்கியசாலி, சந்தோசக்காரன் என்று பொருள். அந்தப் பேரை யோகம்மா ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. பெண்சாதி சொன்னால் புருசனுக்கு ஆயுசு குறையுமாம்.

சண்டைக் காலத்தில் ஒரு மத்தியானம், மீன்பிடித்துக் கடலால் வந்தவர்களைக் காவலரணில் மறித்து வைத்துவிட்டார்கள். பெண்சாதிமார் வந்து பேர் சொன்னால்தான் விடுவார்களாம்.

“புருசன் பேர் என்ன?” என்று சிப்பாய் கேட்டான்.

“பாக்கியசாலி,” என்றாள் யோகம்மா.

பட்டியலில் அப்படி ஒருவரும் இல்லை.

“சந்தோசக்காரன்.”

அதுவும் இல்லை. சிப்பாய் கொப்பியை மூடினான்.

“பீலிக்ஸ்!” என்று கத்தினாள் யோகம்மா. கரை முழுக்கக் கேட்டது. உள்ளேயிருந்து ஆள் வெளியே வந்தார்.

சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “என்ன வடிவாச் சொன்னாய்! இன்னொருக்காச் சொல்லன்.”

“ஏலாது,” என்றாள் அவள், அவருடைய ஈரச் சட்டையை இறுக்கிப் பிடித்தபடி. “என்னை அந்தப் பேரைச் சொல்ல வைக்கிற மாதிரி இனி ஒருநாளும் சுணங்கி வராதேங்கோ.”