ரெண்டு பிரஷ்காரர்

படகுப் பட்டறையில் அவருக்கு ரெண்டு பிரஷ்காரர் என்று பெயர். இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ் அலுமினியத்தில் பட்டால் துகள் ஒட்டிக்கொள்ளும், வெல்டிங்கில் துளை விழும். அதனால் அலுமினியத்துக்கென்றே ஒரு பிரஷைத் தனியாகக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். யாராவது தொட்டால் தாம்தூம் என்று குதிப்பார். "சொத்துப் பத்திரத்தையே அதுலதான் கட்டி வச்சிருக்காரு" என்பார்கள் கூட வேலை செய்பவர்கள்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம், முப்பது வருடத்துக்கு முன் அவர் தனியாக வெல்டிங் வைத்து ஒட்டிய முதல் அலுமினியப் படகு. அடித்தகட்டில் முழ நீள விரிசல். படகுக்காரரின் மகள்தான் ஓட்டி வந்தாள். அவள் பக்கத்தில் நின்று பார்த்ததில் இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்த பிரஷால் தேய்த்தோம் என்பதே மறந்துபோனது. எட்டாம் நாள் படகு திரும்பி வந்தது, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீரோடு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குமே! சோதித்துக்கூடப் பார்க்காமல் பழைய ஒட்டின் மேலேயே இன்னொன்று வைத்தார். அப்புறமும் இரண்டு முறை வந்தாள். அது கல்யாணத்தில் போய் முடிந்தது. ஆனாலும் அந்த முதல் ஒட்டு அவர் மனதில் முள்ளாகவே கிடந்தது.

இப்போது அதே படகை மச்சான் கொண்டுவந்து இறக்கினார்.

"அடி அரிச்சுப் போயிருந்தா சொல்லுங்க மாப்ள, பழைய சாமான் கடையில போட்டுடுறேன்."

கூட வந்திருந்த மனைவி படகின் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை. தன் கைத்தவறால் அவள் படகு போய்விடுமே என்று அவர் பயந்தார்.

அடியில் வெளிப்பக்கம் சாக்பீஸ் பொடி பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றினார். ஓட்டை இருந்தால் பொடியில் ஈரம் தெரியும். ஒரு மணி நேரம் ஆகியும் பொடி காய்ந்தே இருந்தது. நம்பாமல், உள்ளே துடைத்துவிட்டுப் பெயிண்டைச் சுரண்டினார். முதல் ஒட்டு உள்பக்கம் வரை இறங்கி, ஊசித்துளைகூட இல்லாமல் கிடந்தது. மேலே வைத்த மூன்றும் தண்டம்.

"அப்போ தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

மனைவி சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "நான்தான் வர்ற வழியில வாளியால மொண்டு ஊத்திப்பேன்."

"அடிப்பாவி! முப்பது வருஷமா என் கையை நானே நம்பலையே!"

"ஒழுகலைன்னா எதைச் சொல்லிக்கிட்டு நான் திரும்பி வர்றது?"

"படகு ஒழுகினப்பல்லாம், நான்தான் கல்லுல மோதிட்டேன்னு அப்பா என்னைத்தானே திட்டினாரு!" என்றார் மச்சான்.

ரெண்டு பிரஷ்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. படகின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கீறல் மட்டும் ஒட்ட வேண்டியிருந்தது. கயிற்றை அவிழ்த்து, யாரையும் தொடவிடாத அந்த பிரஷை மனைவியிடம் நீட்டினார்.

"இந்தா, நீயே தேய்."