நாற்பத்தேழாம் பக்கம்

சத்தியம் பண்ணிச் சொல்லலாம்தான். ஆனால் நான் பதினொரு வருடமாகக் கோர்ட்டில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். சத்தியம் செய்துவிட்டு மனிதர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று தினமும் டைப் அடித்துக் கை தேய்ந்தவன். அதனால் சத்தியத்தை விடுங்கள். கிழமை, நேரம், பக்க எண்ணோடு நடந்ததைச் சொல்கிறேன். இடது மணிக்கட்டில் ஊசி ஏறிய தழும்பு இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

எல்லாம் என் வாய்க்கொழுப்பில் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை, காலை 11.20. அந்தக் கோர்ட்டுக்கு நான் மாற்றலாகி வந்து ஆறு நாள்தான். அங்கே ஹெட் கிளார்க்குக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘பார்க்கலாம் சார்’. லீவு கேட்டாலும் சரி, கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரே சொல். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை அவர் சொல்லும் அழகைப் பியூன் அண்ணனுக்கு நடித்துக் காட்டினேன். கையை வீசினேன். டம்ளர் பறந்தது. மேசையில் பிரித்து வைத்திருந்த கேஸ் கட்டின் மேல் சூடான டீ.

அந்தக் கேஸைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்கு எரிந்தது. உள்ளே காவல்காரர். கதவு வெளியே பூட்டியிருந்தது. பூட்டியது முதலாளிதான் என்று எங்கள் கோர்ட் பத்து வருடம் போட்டது. அவர் அப்பீல் செய்து, ஜாமீனில் வெளியே இருந்தார். திங்கட்கிழமை மேல்கோர்ட்டில் விசாரணை. அங்கே சாட்சிகளை மறுபடி கூப்பிட்டுக் கேட்கமாட்டார்கள். கீழே அவர்கள் சொன்னதை எழுதிய காகிதம்தான் மேலே பேசும். அந்தக் காகிதங்களை அடுக்கி, எண் முத்திரை குத்தி, கோணி ஊசியால் தைத்து அனுப்புவது என் வேலை.

எனக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் கட்டைப் பாதி தைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் எங்கே என்று கேட்டதற்கு, “பார்க்கலாம்.” பியூன் அண்ணனைக் கேட்டால், “டீ ஆறுது சார்.” அவர் தைத்த நூலில் நீலக் கோடு போட்ட ஒரு துணித்துண்டு சிக்கியிருந்தது. பழைய கட்டுத்துணி என்று வெட்டி எடுத்து வைத்திருந்தேன். கைக்கு அகப்பட்டது அதுதான். அதாலேயே டீயைத் துடைத்தேன்.

ஒரே ஒரு பக்கம்தான் ஊறிப்போயிருந்தது. காவல்காரரின் மனைவி சொன்ன சாட்சி. தையல்காரம்மா. ‘வெளியே நின்று பூட்டியவர் இவர்தான். என் கண்ணால் பார்த்தேன்.’ கட்டு முழுவதிலும் பூட்டியது யார் என்று சொல்லும் பக்கம் அது ஒன்றே.

கிளிப் போட்டு ஜன்னல் கம்பியில் காயவைத்தேன். மற்றதற்கெல்லாம் எண் குத்தினேன். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தைத்து முடித்து, என் முதுகை நானே தட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்பும்போது ஜன்னலைப் பார்த்தேன். பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

சேர்ப்பதென்றால் கட்டைப் பிரிக்க வேண்டும். நாற்பத்தாறுக்குப் பிறகு எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். ஏற்கெனவே என் பெயரில் இரண்டு மெமோ.

பக்கத்தை மடித்து டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

5.40. வராந்தா பெஞ்சில் ஒரு அம்மா. விரலில் தையல்காரர்கள் மாட்டும் உலோகக் குல்லா.

“தம்பி, என் பக்கம் மேல போகுதா?”

“எல்லாம் போகுதும்மா.”

“நாப்பத்தேழும்?”

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில்தான் உறைத்தது. அந்தப் பக்கத்துக்கு நான் எண்ணே குத்தவில்லை. குத்தியிருந்தால்... நாற்பத்தேழு.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

“ஏங்க, அவங்களுக்குன்னு இருந்ததே அந்த ஒரு பக்கம்தானே?”

“நாளைக்குப் பார்க்கலாம்” என்றேன். சொன்னபிறகுதான் அது யாருடைய சொல் என்று தெரிந்தது.

சனிக்கிழமை அரை நாள். 1.30-க்கு ஆபீஸ் காலி. ஆறு மணிக்கு மேல்கோர்ட் ஆள் வந்து கட்டை வாங்கிப் போவார். அதுவரை நான் மட்டும். பியூன் அண்ணன் வெளிக்கேட்டில். பக்கத்தைச் சேர்க்க நாலரை மணி நேரம் இருந்தது. நான் பென்சில் சீவினேன். காலண்டர் தேதி கிழித்தேன். மறுநாள் தேதியையும் சேர்த்துக் கிழித்தேன்.

4.50. பெஞ்சில் அதே அம்மா. கேட்டுக்கு எட்டும்படி குரல் கொடுத்தேன்.

“அண்ணே, இந்தம்மாவ யாரு உள்ள விட்டது?”

“எந்தம்மா சார்? பெஞ்சு காலியாத்தானே கெடக்கு.”

திரும்பினேன். காலிதான்.

5.10. கரண்ட் போனது.

5.22. ரெக்கார்ட் ரூமிலிருந்து ஒரு சத்தம். ஜன்னலே இல்லாத அறை. காகிதம் தவிர ஒன்றுமில்லை.

டக... டக... டக... டக...

தையல் மிஷின்.

எலி என்று சொல்லிக்கொண்டேன். எலி மிதிக்கிற மாதிரியே இல்லை. இஸ்திரிப் பெட்டியில் தீய்ந்த துணி வாசனை வேறு.

செல்போன் வெளிச்சத்தோடு வாசல் வரை போனேன். சத்தம் நின்றது. திரும்பி வந்து என் நாற்காலியில் விழுந்தேன். எதிரே கட்டு. அதன்மேல் என் இடது கை.

டக... டக...

இப்போது சத்தம் என் மேசைக்கடியில்.

எழுந்தேன். கை வரவில்லை.

வெளிச்சத்தைத் திருப்பினேன். என் சட்டைக் கை கட்டோடு தைக்கப்பட்டிருந்தது. நான் தைத்தால் குடிகாரன் நடந்த மாதிரி இருக்கும். இது பொடிப்பொடித் தையல். ஒரே அளவு. பன்னிரண்டு எண்ணினேன்.

கடைசித் தையலில் ஊசி நின்றது.

பிடிக்க யாருமில்லை.

ஊசி குனிந்தது.

பதின்மூன்றாவது தையல் துணியில் இல்லை...

“அம்மா! போடுறேன்மா! உங்க பக்கத்தப் போடுறேன்!”

காதுக்குப் பின்னால்... மிக அருகில்...

“இப்பவே.”

வலது கையால் டிராயரைத் திறந்தேன். பல்லால் நூலைக் கடித்தேன். ரத்தம் சொட்டச் சொட்டக் கட்டைப் பிரித்தேன். பக்கத்தை வைத்தேன். 47. அடித்து எழுதி, எண் குத்தி, அடித்து எழுதி... 213 வரை. என் சர்வீஸில் அவ்வளவு வேகமாக வேலை பார்த்ததில்லை.

5.57. தைப்பதற்கு முன் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். இரண்டு நிமிடம்.

திரும்பி வந்தபோது கட்டு தைத்து முடிந்திருந்தது.

பொடிப்பொடித் தையல்.

6.00. கரண்ட் வந்தது. 6.05-க்கு ஆள் வந்தார். கட்டைப் புரட்டிப் பார்த்து, “நீட்டா தச்சிருக்கீங்க சார்” என்றார்.

செவ்வாய்க்கிழமை அதே ஆள் வந்து செய்தி சொன்னார். முதலாளியின் வக்கீல் ஒன்றரை மணி நேரம் பேசினாராம். நீதிபதி டீக்கறை படிந்த நாற்பத்தேழாம் பக்கத்தை வாய்விட்டு வாசித்தாராம். அப்பீல் தள்ளுபடி. பத்து வருடம் உறுதி. விலங்கு மாட்டப் போன போலீஸ்காரர் அப்படியே நின்றுவிட்டாராம். முதலாளியின் இரண்டு சட்டைக் கைகளும் ஒன்றோடொன்று தைத்திருந்ததாம். எப்போது தைத்தது என்று அவருக்கே தெரியவில்லையாம். பிரிக்கப் பிரிக்க அலறினாராம். துணி மட்டுமில்லையாம்.

எனக்கு உட்கார முடியவில்லை. நேரே பார்க்கலாம் சாரிடம் போனேன். டீ, டிராயர், ஊசி, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மூன்றாவது மெமோவுக்குத் தயாராகக் கையை நீட்டிக்கொண்டே கேட்டேன்.

“சார், அந்தம்மா யாரு? எனக்கு முன்னாடி இருந்தவர் எங்க? பார்க்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. கழற்றி மேசையில் வைத்தார். என் மணிக்கட்டில் சுற்றியிருந்த கட்டுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாட்சி சொல்லிட்டு வீட்டுக்குப் போற வழியிலயே அந்தம்மா மேல லாரி ஏறிடுச்சு. ஓட்டினவன் இன்னும் ஆப்புடல. உனக்கு முன்னாடி இருந்தவன், முதலாளி ஆளுங்க சொன்னாங்கன்னு அந்தப் பக்கத்த உருவப் பார்த்தான். நீ வர்றதுக்கு முந்தின சனிக்கிழம சாயங்காலம், உன் நாற்காலியில, மூச்சில்லாமக் கெடந்தான். கை கட்டோட தச்சிருந்துச்சு தம்பி. சட்டையக் கத்தரிச்சுத்தான் தூக்கினோம். நீலக் கோடு போட்ட சட்ட. ஒரு துண்டு கட்டுலயே நின்னுருக்குமே... நீ பார்க்கல?”