தாளித்த சாலட்

நான் சிறுமியாக இருந்த காலத்தில் செங்கல்பட்டு முனிசிபல் பூங்கா ரேடியோவை எட்டு மணி அடித்ததும் நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமைச் சிரிப்பு நாடகமோ ஏழே முக்காலுக்குத்தான் தொடங்கும். ஆகவே எங்களில் யாரும் அந்த நாடகத்தின் முடிவைக் கேட்டதே இல்லை. வீட்டில் ரேடியோ வைத்திருந்த இரண்டு மூன்று பேர் எங்களோடு பேசுகிறவர்கள் இல்லை. காவல்காரரிடம் கெஞ்சினால், "எட்டுன்னா எட்டுதான்" என்பார். மீதி நாடகத்தை ஆளுக்கொரு விதமாக இட்டுக்கட்டிக்கொண்டே வீடு திரும்புவோம்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம், அத்தை மூன்று மாதமாக எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவின் தங்கை. அவளுடைய கணவர், எங்கள் மாமா, மகாபலிபுரத்தில் பயணிகள் பங்களாவில் சமையல்காரர். துரைமார்களுக்கு ஆக்கிப்போட்ட கை என்று அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம். ஒரு நாள் அத்தை வைத்த குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "மாட்டுக்கு ஊத்து" என்று சொல்லிவிட்டாராம். அவள் சட்டியோடு மணலில் கவிழ்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அவர் கூப்பிட வரவில்லை, அவளும் போகிறேன் என்று சொல்லவில்லை. யாராவது மாமாவின் பேச்சை எடுத்தால் எழுந்து துணி துவைக்கப் போய்விடுவாள். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டுத் துணிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

ஒரு சனிக்கிழமை அத்தையும் எங்களோடு பூங்காவுக்கு வந்தாள். அன்றைய நாடகத்திலும் புருஷன் பெண்டாட்டிக்குள் சாப்பாட்டுச் சண்டை. கோபம் தீர்க்க அவள் கோழி சாலட் என்று ஒன்று செய்கிறாள். எப்படிச் செய்வது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே செய்கிறாள். அவன் ஒரு வாய் போட்டுக்கொள்கிறான். "இது..." என்று ஆரம்பிக்கிறான். டக். எட்டு மணி.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அந்த ஆளு இன்னா சொல்லியிருப்பான்?"

"தூன்னு துப்பியிருப்பான்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

மறுநாள் நாங்கள் சர்ச் முடிந்து வந்தபோது அவள் கோழியை வேகவைத்து இறக்கியிருந்தாள். ஆறட்டும் என்று விட்டிருந்தாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆறிப்போன கோழிய யாரு துன்னுவா? சாவு வூட்டு சோறா இது?"

அத்தை காதில் வாங்கவில்லை. கறியைப் பிய்த்துப் போட்டாள். வெள்ளரிக்காய், வெங்காயம் நறுக்கிச் சேர்த்தாள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை எலுமிச்சம் சாற்றிலும் நல்லெண்ணெயிலும் மசித்துக் கலந்தாள். ரேடியோவில் சொன்னபடியே எல்லாம் ஆயிற்று. பிறகு இடுப்பில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று கரண்டியை அடுப்பில் வைத்து, கடுகும் காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்து மேலே கொட்டிவிட்டாள்.

"நாடகத்துல தாளிக்கவே இல்லியே அத்தை!"

"எட்டு மணிக்கு மேல தாளிச்சிருப்பாங்க."

அதைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் பஸ் ஏறினோம். அப்பாவும் துணைக்கு வந்தார். "குடுத்துட்டு வந்துடலாம்" என்றுதான் அத்தை சொன்னாள். கொடுத்துவிட்டு வர எதற்குத் துணிமூட்டை என்று நான் கேட்டேன். அப்பா என் தொடையில் கிள்ளினார்.

மாமா பங்களாவின் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா கடலைப் பார்த்துவிட்டு வருவதாக நழுவிவிட்டார். அத்தை சட்டியை மாமா முன்னால் வைத்துவிட்டுச் சுவர் ஓரமாக நின்றாள். மாமா கையைத் துடைத்துக்கொண்டு மூடியைத் திறந்தார். எத்தனையோ சாலட் செய்த மனிதர், அந்தக் கடுகையும் கறிவேப்பிலையையும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. நாடகத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "அந்த ஆளு இன்னா சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?" என்று கேட்டேன்.

"தெரியுமே. பங்களா ரேடியோல கேட்டேன்" என்றார் மென்றுகொண்டே. "'இத்த மாதிரி நான் எங்கியும் துன்னதில்ல. அன்னிக்கு நான் சொன்னது தப்பு'ன்னான்."

பதில் எனக்குத்தான். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள். மாமா சட்டியைக் காலி செய்தார். கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவும் நானும் மட்டும்தான். மாமா பங்களா ரேடியோவில் கேட்ட முடிவு கிடைத்துவிட்டது, ஆனால் அதில் சிரிப்பே இல்லை என்று அப்பாவிடம் குறைபட்டுக்கொண்டேன்.

"ரேடியோவா? அங்க ஏது ரேடியோ? பங்களாவுக்கு இன்னும் கரண்ட்டே வரலியே!" என்று அப்பா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாவம், அத்தை அதை நம்பி அங்கேயே தங்கிவிட்டாளே! கிறிஸ்துமஸுக்கு அவள் வந்ததும் தனியே இழுத்துப் போய், "மாமா புளுகிட்டாரு அத்தை. அங்க ரேடியோவே இல்லியாம்" என்று போட்டுக்கொடுத்தேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அத்தை. "அங்க தெனம் லாந்தர் தொடைச்சு ஏத்துறவளே நான்தானே."

பொய் என்று தெரிந்துமா அன்றைக்கு அப்படிச் சிரித்தாள்? இவ்வளவு வயதாகியும் அத்தைக்கு விவரம் போதவில்லையே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.