எட்டு மணி நேரம்

"கூடவே படுத்துக் கெடந்த அத்தையவே பாக்கத் தெரியல. ஊரான் ஊட்டுச் சீக்காளிய இவ பாத்துருவாளாமா?"

நர்ஸ் பயிற்சிக்கு நான் மனுப் போட்டிருப்பதை அப்பா சொன்னபோது மாமன் கேட்டது இது. மாமன் என்றால் அத்தையின் புருஷன். மோர் குடித்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகத்தான் கேட்டார். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். யார் என்ன கேட்டாலும் சட்டென்று பதில் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அன்று சொம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவருக்குத் தெரிந்தது பாதிதான். மற்றப் பாதி எனக்கு மட்டும் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. மாநிலம் பிரிப்பதற்கு நாலைந்து வருடம் முந்தி. மலையாளத்துச் சித்தூருக்குக் கிழக்கே, கடலையும் சோளமும் விளைகிற மேட்டாங்காடு எங்களுடையது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. ஏழாம் மாதம் நாங்கள் கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, முறையாகப் பிரசவத்துக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் நாலாம் மாதத்திலேயே மாமன் வண்டி கட்டிக் கொண்டுவந்து விட்டுவிட்டார். அத்தை சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தபடியே இருந்தாள். சாப்பிடு என்றால் எழுந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். தலை வாரிக்கொள்ளவில்லை. யாரோடும் பேசவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் தானாக வழிந்துகொண்டிருந்தது.

அப்பா அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ் போர்டு படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் அழைத்துப்போனார். டாக்டர் மலையாளமும் தமிழும் கலந்து நெடுநேரம் விசாரித்தார். இதற்கு முன்னால் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு அப்பா தரையைப் பார்த்தார். பிறகு, அத்தைக்குப் பதினாறு வயதில் ஒரு மாதம் தூக்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் திரிந்ததையும், உடுத்தியிருந்தது போக மற்றச் சேலைகளையெல்லாம் களைவெட்ட வந்த பெண்களுக்குக் கொடுத்துவிட்டதையும் சொன்னார். ஊரில் சாமி வந்திருக்கிறது என்று தேங்காய் உடைத்தார்கள், தானாகவே இறங்கிவிட்டது என்றார். மாமன் வீட்டுக்கு இதைச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அதுவும் இதுவும் ஒரே நோய் என்றார். வயிற்றில் பிள்ளை இருப்பதால் கடுமையான மருந்து கொடுக்க யோசனையாக இருக்கிறது, லேசாகத்தான் கொடுக்க முடியும், மிச்சத்தை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். "உறக்கமாக்கும் இவளுக்கு மருந்து. மூணு நாள் சரியா உறங்கலேன்னா ஆளும் புஸ்தகமுமா உடனே வரணும், கேட்டோ." எந்தப் புத்தகம் என்று அப்பா விழித்தார். தினமும் அவள் எத்தனை மணி நேரம் தூங்கினாள், சாப்பிட்டாளா, பேசினாளா என்று எழுத வேண்டுமாம். எழுதுவது யார் என்று டாக்டர் கேட்டதும் அப்பா என் தோளில் கை வைத்தார். அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். பென்சிலைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டேன். நான் அத்தையோடு ஒரே பாயில் படுத்தாலும், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட இரண்டு முறை எழுந்திருக்கிற அம்மாதான் தூக்கத்தைப் பார்ப்பாள். காலையில் அம்மா சொல்லுவாள், நான் எழுதுவேன். எழுதி முடித்ததும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுவேன். அவர் கைகட்டி நின்று கேட்பார். எங்கள் வாத்தியார்கூட என்னை அவ்வளவு மரியாதையாக நடத்தியதில்லை.

ஏழாம் மாதம் பிறந்த வாரத்தில் ஒருநாள் அத்தை எழுந்து, சீப்பை எடுத்து எனக்குத் தலை வாரிவிட்டாள். வாரிக்கொண்டே சிரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று எங்கள் வீட்டில் பச்சரிசிப் பாயசம் வைத்தார்கள்.

விதைப்புக்கு முந்திய நாட்கள் அவை. அப்பா விடியுமுன்னே உழவுக்குப் போய்விடுவார், நோட்டைப் படித்துக் காட்ட ஆள் இல்லை. விதைக்கடலையைத் தடியால் அடித்து உடைக்கக் கூடாது, பருப்பின் மேல்தோல் உரிந்தால் முளைக்காது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து விரலால்தான் உரிக்க வேண்டும். நாலு பெண்கள் ஒரு நாளில் உரிப்பதை அத்தை ஒருத்தியாக உரித்தாள். நிறுத்தாமல் பேசினாள், உரித்துக்கொண்டிருந்த பெண்களையெல்லாம் கிண்டல் செய்து சிரிக்கவைத்தாள். விடியும்போது நான் கண் விழித்தால் அவள் பாயில் இருக்க மாட்டாள், முற்றத்தில் கடலைத்தோல் இடுப்பு உயரம் குவிந்திருக்கும். அம்மா சொன்னபடி மூன்று நாள் தொடர்ந்து 3 மணி நேரம் என்று எழுதினேன். மூன்றாம் நாள் காலை, டாக்டர் சொன்னதை அம்மாவிடம் நினைவூட்டினேன்.

"வேலை செய்யறவளுக்கு என்ன சீக்கு?" என்றாள் அம்மா. "கையும் காலும் ஆடிட்டே இருந்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்."

எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். பிள்ளைத்தாய்ச்சி படுத்துக் கிடந்தால் குற்றம், ஓடியாடினால் பெருமை.

அத்தை இதைக் கேட்டுவிட்டாள். நோட்டை எடுத்துவரச் சொல்லி, எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னாள். கடைசி மூன்று வரிகளைப் படித்ததும் உரிப்பதை நிறுத்தினாள். பல நாட்களில் அவள் கை நின்றது அப்போதுதான்.

"எத்தனைன்னு எழுதுனா டாக்டருக்குச் சந்தோசம்?"

"எட்டு," என்றேன்.

"அப்ப எட்டுன்னே எழுதிரு கண்ணு. இதைப் பாத்தா என்னையப் புடிச்சுப் படுக்க வெச்சுருவாரு. நான் படுத்தா மறுக்கா எந்திரிக்க மாட்டேன்."

3-ஐ 8 ஆக்குவது சுலபம். இடப்பக்கம் இரண்டு வளைவு போதும். மூன்றையும் மூடினேன். எனக்கு அந்த நோட்டு பள்ளிக்கூடத்து மார்க் அட்டை மாதிரித்தான் தெரிந்தது. என் அத்தை பாஸாக வேண்டும். அதன் பிறகு அம்மா என்ன சொன்னாலும் தினமும் எட்டு போட்டேன், ஒருநாள் சந்தேகம் வராமலிருக்க ஏழரையும் போட்டேன்.

மாதக் கடைசியில் அப்பா நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பஸ் குலுக்கலில் பிள்ளைத்தாய்ச்சி எதற்கு, அதான் எழுதியிருக்கிறதே என்று வீட்டில் நினைத்தார்கள். டாக்டர் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, ஆளைக் கூட்டிவராததற்குக் கோபித்துக்கொண்டாலும், நன்றாக இருக்கிறது, இப்படியே போகட்டும் என்று சொல்லியனுப்பினாராம். அப்பா எனக்கு ஒரு புதுப் பென்சில் வாங்கி வந்தார்.

முதல் மழை பெய்து விதைக்கத் தொடங்கிய அன்று எல்லாரும் காட்டில் இருந்தார்கள். உச்சி வெயிலில் அத்தை ஒரு கூடை விதைக்கடலையைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். மாமன் ஊரிலும் மழை பெய்திருக்கும், அங்கேயும் விதைக்க வேண்டும் என்றாள். ஒன்பது மைல். எட்டாம் மாதம். எல்லைப் பனைமரம் வரை நானும் கூடப் போனேன். அவள் நடைக்கு நான் ஓட வேண்டியிருந்தது. பனைமரத்தடியில் என் பாவாடை மடியில் ஒரு கை விதையைப் போட்டாள்.

"நாளைக்கும் எட்டுன்னே எழுதிரு கண்ணு."

சரி என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து விதையைத் தின்றேன். சாயங்காலம் அம்மா வந்து கேட்கும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

பாதி வழியில், ஆற்றோரத்தில் கண்டுபிடித்தார்கள். பிள்ளை அங்கேயே பிறந்திருந்தது. பெண் பிள்ளை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் இறந்துவிட்டது. அத்தை அதைக் கேட்கவும் இல்லை. விதை போட்டாகிவிட்டதா என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து அவள் பேச்சு நின்றது, மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

அவளை வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மாமனும் வந்தார். டாக்டர் அத்தையைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்று எட்டுகளில் இடப்பக்கம் மட்டும் பென்சில் கறுப்பாக இருந்தது. யார் எழுதியது என்று கேட்டார்.

"என்ற புள்ளதானுங்க," என்றார் அப்பா. "தப்பா ஒரு எழுத்து எழுத மாட்டாளுங்க."

டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டார். மாமன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தும் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றுதான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் கவனித்தேன். கவனித்ததை அழித்தேன்.

அங்கிருந்து அத்தையை மேற்கே மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்த வருடம் எங்கள் காட்டில் கடலை ஒரு குழி தப்பாமல் முளைத்தது. உரித்தவள் கைராசி என்று ஊரில் சொன்னார்கள்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள்தான் நோயாளி, சிரித்துக்கொண்டு கடலை உரித்தவள் நோயிலிருந்து திரும்பி வந்த எங்கள் அத்தை என்று நான் நினைத்திருந்தேன். வீட்டில் பெரியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அவர்களுக்கு எழுதத் தெரியாது. எழுதியதை அப்பா நம்பினார், டாக்டரும் நம்பினார். எழுத்தை இப்படி நம்புவார்கள் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.

மாமனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பயிற்சியில் சேர்ந்து ஒரு வருடம் முடிந்ததும், மற்றப் பெண்கள் போகப் பயப்படுகிற அந்த மனநோய் ஆஸ்பத்திரிக்கு நானே பெயர் கொடுத்தேன். இத்தனை வருடமாக அங்கே இருப்பவள் என் அத்தை என்று சொல்லித்தான் கேட்டேன். இங்கு வந்து இரண்டு மாதமாகிறது.

நாலைந்து நாளாக அத்தை நன்றாகச் சிரிக்கிறாள். வார்டில் எல்லாருக்கும் தலை வாரிவிடுகிறாள். எல்லாருக்கும் சந்தோஷம். இன்று காலை அவள் கட்டிலில் தொங்குகிற தூக்கக் கணக்கு அட்டையை எடுத்தபோது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை எழுதற கண்ணு?"

3 என்று எழுதினேன். இடப்பக்கம் திறந்தபடியே விட்டு, அட்டையைக் கழற்றிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.